அடுக்களை ஒரு மாவட்டம், படுக்கை ஒரு மாவட்டம்

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். வீட்டுக்கு அடியில ஒரு ஓடை. பக்கத்துல இல்ல கண்ணு, அடியிலயே. தரைப் பலகைக்குக் கீழ தண்ணி சளசள சளசளன்னு ஓடிக்கிட்டே இருக்கும். என்ன வீடுங்கறியா? மாவு அரைக்கிற மில்லு. கரண்டுல ஓடுற மில்லு இல்ல, தண்ணில ஓடுறது. பெரிய மரச்சக்கரம், தண்ணி விழுந்தா கடக் கடக்னு சுத்தும், உள்ள கல்லு கொரகொரன்னு அரைக்கும். அந்த மில்லுல இருந்தவ பேரு வால்பர்கா. புருசன் செத்துப்போயிட்டான். தனியா மில்லை ஓட்டிக்கிட்டிருந்தா. கை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

ம் கொட்டு. ஆங்.

அது ஜெர்மனி தேசம். அங்க எஷன்டால்னு ஒரு சின்ன மாவட்டம். எங்க பாத்தாலும் மேடு, மேடெல்லாம் ஊசி ஊசியா இலை வச்ச மரம். மழை விட்டா பனி, பனி விட்டா மழை. மண்ணுல சத்து கிடையாது. ஓட்ஸும் உருளைக்கிழங்கும் தவிர ஒண்ணும் வராது. வீடெல்லாம் கறுப்புக் கட்டையும் வெள்ளைச் சுவருமா வரிக்குதிரை நின்ன மாதிரி இருக்கும். ஓடைக்கு வடகரையில பாதி ஊரு, தென்கரையில பாதி ஊரு. நடுவுல வால்பர்காவோட மில்லு, ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு காலை ஊணிக்கிட்டு. அடுப்படி தென்கரை, படுக்கிற அறை வடகரை.

அந்த ஊருக்கு எல்லைக்கல்லு ஒண்ணு உண்டு. எங்கன்னா, வடக்கால மேட்டு உச்சியில. ரொம்ப காலத்துக்கு முன்னாடி அந்தச் சீமையை ஒரு பிஷப்பு ஆண்டாராம். அவரு கல்லுல ஒரு சிலுவை வெட்டி வச்சாரு. அப்புறம் பிஷப்பைத் துரத்திட்டு ஒரு ஜமீன் வந்தான். அவன் சிலுவைக்குப் பக்கத்துல ஒரு சிங்கம் வெட்டினான். அப்புறம் ஜமீனை முழுங்கிட்டு ஒரு ராஜா வந்தாரு. அவருதான் எஷன்டாலை மாவட்டம்னு ஆக்கினவரு. அவரு ஆளுங்க சிங்கத்துக்கு மேல ஒரு கழுகு வெட்டினாங்க. கல்லுல இடமே இல்ல. சிங்கத்து முதுகுல கழுகு, கழுகு காலுக்கடியில சிலுவை. ஆண்டவங்க மாறினாங்களே தவிர கல்லு அதே இடத்துல இருந்துச்சு, ஊரும் ஒரே ஊரா இருந்துச்சு.

அப்புறம் ராஜாவும் போயி சர்க்கார் வந்துச்சு. சர்க்காருக்கு ஒருநாள் சின்ன மாவட்டமெல்லாம் பிடிக்காம போயிடுச்சு. எல்லாத்தையும் சேத்து பெருசு பெருசா ஆக்குங்கடான்னு உத்தரவு போட்டாங்க. எஷன்டாலுக்கு வடக்க ஒரு பெரிய மாவட்டம், தெற்க ஒரு பெரிய மாவட்டம். ரெண்டும் எஷன்டாலை ரொட்டி மாதிரி ஆளுக்குப் பாதி பிச்சுக்கணும். எங்க பிக்கறது? மேசையில வரைபடத்தை விரிச்சுப் பாத்தாங்க. நீலமா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. ஓடை. இதை விட சுலபமா என்ன வேணும், ஓடைதான் எல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க.

அப்போ என்ன ஆச்சு தெரியுமா, ஊரு ரெண்டாச்சு. கோயில் தென்கரை, பள்ளிக்கூடம் வடகரை. தீ அணைக்கிற பம்பு தென்கரை, ஓலைக்கூரை வீடெல்லாம் வடகரை. ஊர்க்காரங்க மனு எழுதினாங்க, பதிலே வரல. திரும்ப எழுதினாங்க, அதுக்கும் வரல. மூணாவதுக்கு மனு வந்து சேந்துச்சுன்னு மட்டும் ஒரு கடுதாசி வந்துச்சு.

அப்புறம் ஒருநாள் டர்ர்ர்னு ஒரு காரு வந்து மில்லு வாசல்ல நின்னுச்சு. இறங்கினவரு தெக்கு மாவட்டத்து பெரிய அதிகாரி. நம்ம ஊர்ல கலெக்டர்னு சொல்றோமே, அந்த மாதிரி. புதுக் கோடு போடற பொறுப்பும் அவருதுதான். பேரு டிட்மார். வழவழன்னு கறுப்பு ஷூ. கெட்டவரு இல்ல, ஆனா கோடு கோணலா இருந்தா அவருக்குத் தூக்கம் வராது. உள்ள வந்து தொப்பியைக் கழட்டிட்டு, உங்க வீடுதான் எனக்கு தலைவலியா இருக்குன்னாரு. ஓடை நடுவுல கோடு போனா வீட்டைக் குறுக்கே வெட்டிக்கிட்டுல்ல போகுது. அதனால, அம்மா எந்தப் பாதியை வச்சுக்கிறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா மத்த பாதியை இடிச்சிரலாம், ஒரு வீடு ஒரு மாவட்டத்துலதான் இருக்க முடியும்னாரு.

வால்பர்கா மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. கையை எடுக்கல.

வாசக்கதவு எந்தப் பக்கம்னு கேட்டாரு. ரெண்டு பக்கமும்னா. சரி, தலை வச்சுப் படுக்கறது எந்தப் பக்கம்னாரு. சளி பிடிச்சா அடுப்புப் பக்கம், இல்லாட்டி அந்தப் பக்கம்னா. அவரு பெருமூச்சு விட்டாரு.

"கோட்டை கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போடக்கூடாதாய்யா?"

"கோடு வளையாதும்மா."

அதைச் சொல்லிட்டு தொப்பியை மாட்டினாரு. அவ அப்பதான் கையைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தா. நாங்க எல்லை மாறினா அதை நடந்து பாக்கறது வழக்கம், வரப்போற கிழங்கறுப்பு முடிஞ்சதும் நடப்போம், புது எல்லையை போட்டவருதான் முன்னால நடக்கணும், நீங்க வரணும்னா.

அது என்ன நடைன்னு கேக்கறியா? அந்தச் சீமையில அப்படி ஒரு பழக்கம் கண்ணு. ஊரே சேந்து எல்லையைச் சுத்தி நடக்கும். வாத்தியம், ரொட்டி, பன்னிக்கறி, பீப்பாயில பீரு, எல்லாம் கூட வரும். முதல் தடவை வர்றவங்களை நாலு பேரு கையும் காலும் பிடிச்சுத் தூக்கி எல்லைக்கல்லு மேல பின்பக்கத்தைத் தொம் தொம் தொம்னு மூணு தட்டு தட்டுவாங்க. எல்லை எங்கன்னு அப்புறம் ஆயுசுக்கும் மறக்காதாம். இன்னொண்ணும் உண்டு. முன்னால நடக்கிறவரு கால் எங்க படுதோ அதுதான் எல்லை. பின்னால வர்றவங்க அவரு கால் பட்ட இடத்துல முளைக்குச்சி அடிச்சுக்கிட்டே வருவாங்க.

வால்பர்கா இதை எல்லாம் ஒளிக்காமத்தான் சொன்னா. டிட்மார் சிரிச்சாரு. சந்தோஷம், ஒரு நல்ல பழக்கத்துக்கு மரியாதை பண்ணலாமேன்னு ஒத்துக்கிட்டுப் போயிட்டாரு. தப்பு அங்கதான் பண்ணாரு மனுஷன். திருவிழான்னு நினைச்சுட்டாரு.

பக்கத்து வீட்டு கஸ்பரு, பெரிய பித்தளைக் கொம்பு ஊதறவன், ஓடி வந்தான். "என்னக்கா, அந்தாளுக்கு விருந்தா வைக்கப்போறே?"

"நடக்கட்டும்டா. வரைபடத்துல இருக்கிற ஓடை காலை நனைக்காது."

தூங்கிட்டியா? இல்லையா, சரி.

கிழங்கறுப்பு முடிஞ்சுச்சு. ரெண்டு கரை சனமும் ஓடை தொடங்குற சதுப்புக்கிட்ட கூடுச்சு. டிட்மார் கழுத்துல சங்கிலி பதக்கமெல்லாம் போட்டுக்கிட்டு வந்தாரு. எந்தப் பக்கமா நடக்கணும்னாரு. வால்பர்கா ஓடையைக் காட்டினா. கரையில நடந்தா போதாதான்னாரு. கோடு நடுவுலன்னு நீங்கதானய்யா சொன்னீங்கன்னா. அவரு ஊரைப் பாத்தாரு, ஓடையைப் பாத்தாரு. ரோஷக்காரரு. ஷூவோட இறங்கிட்டாரு, தொபுக்னு.

கஸ்பரு ஊதினான், பூம் பூம் பூம்.

முதல்ல குளிரு. மலையிலருந்து வர்ற தண்ணி இல்லையா, காலை வச்சா எலும்புல ஊசி குத்தும். ஷூவுக்குள்ள தண்ணி போயி அடி வச்சா சளக், எடுத்தா புளிச். பாசிக்கல்லு வழுக்கும், கிளை முகத்துல அடிக்கும். பல்லு கிடுகிடுங்குது, ஆனாலும் மனுஷன் நடுவை விட்டு நகரல. ஊரே கரையில கைதட்டுச்சு. வால்பர்காவும் தட்டினா. நடக்கறவரை நடக்கறாருன்னு சொல்லணும்ல.

அப்புறம் ரெண்டாவது. ஓடை திரும்புற இடத்துல ஒரு ஆண் வாத்து. பெருசு, வெள்ளை. உஸ்ஸ்ஸ்னு கழுத்தை நீட்டிக்கிட்டு வந்துச்சு. டிட்மார் நின்னாரு. அது நிக்கல. கொத்தோ கொத்துன்னு கொத்துச்சு. அவரு தாவி தெக்கால கிழங்குக் கொல்லையில ஏறிட்டாரு. உடனே கொல்லைக்குள்ள டொக் டொக் டொக்னு முளைக்குச்சி இறங்குச்சு. அவரு திரும்பிப் பாத்தாரு. கஸ்பரு தொப்பியைத் தூக்கி, இந்தக் கொல்லை இனிமே வடக்கு மாவட்டங்க, உங்க கால் பட்டிருச்சுல்லன்னு பணிவாச் சொன்னான். கொல்லைக்காரி கையை இடுப்புல வச்சுக்கிட்டு, என் கிழங்கைப் பிடுங்க எந்த ஆபீசுக்கு வரணும்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. டிட்மார் சிரிக்கல. அப்பதான் அவருக்கு இது வெறும் திருவிழா இல்லைன்னு உறைச்சுச்சு. திரும்ப ஓடையில இறங்கிட்டாரு.

அப்புறம் மூணாவது. என்ன வந்துச்சு சொல்லு? ஆமா. மில்லு.

சக்கரம் கடக் கடக்னு சுத்துது. பக்கத்துல தண்ணி புகுந்து வீட்டுக்கடியில போற பொந்து. கறுகறுன்னு இருட்டு. ஆள் குனிஞ்சாத்தான் போக முடியும், தண்ணி நெஞ்சளவு. வால்பர்கா போயி தண்ணியைத் திருப்பி விட்டு சக்கரத்தை நிறுத்தினா. ஆளைக் கொல்றதுக்கா கூப்பிட்டா? பயம் இல்லாம போங்கய்யா, அந்தப் பக்கம் பத்தடியில வெளிச்சம் வந்துரும், தலைக்கு மேல ஒரு பக்கம் என் அடுப்படி, மறுபக்கம் என் கட்டில், எது எந்த மாவட்டம்னு கீழருந்து நல்லாத் தெரியும்னா.

டிட்மார் குனிஞ்சு பாத்தாரு. உள்ளருந்து குப்புனு ஒரு காத்து. கீச் கீச்னு எலி. நிமிர்ந்துட்டாரு. தெக்கால மில்லுக்குட்டை, ஆழம். வடக்கால ஒரு சந்து தெரிஞ்சுச்சு, ரெண்டு பக்கமும் கல்லுச்சுவரு. அந்த சந்துல ஏறினாரு. சந்து மில்லைச் சுத்தி திரும்ப ஓடையில இறங்கிரும்னு நினைச்சாரு. அது ஏறிச்சு. ஓலைக்கூரை வீடுங்களுக்குப் பின்னாடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, பழத்தோப்புக்குப் பின்னாடின்னு ஏறிக்கிட்டே போச்சு. சுவத்துல ஒரு வாசல் இல்ல, ஒரு திருப்பம் இல்ல. பின்னால டொக் டொக் டொக். பூம் பூம் பூம். வடகரைச் சனம் எங்க திரும்பிருவாரோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வந்துச்சு.

சந்து முடிஞ்ச இடம் மேட்டு உச்சி. எதிர்ல கல்லு. சிலுவை, சிங்கம், கழுகு.

அவரு திரும்பிப் பாத்தாரு. கீழ ஊரு கிடந்துச்சு, ரெண்டு கரையும் சேந்து, முழுசா. அவரு அடிச்ச எல்லை ஊருக்கு வெளியில சுத்திக்கிட்டு வந்திருச்சு. நாலு பேரு பக்கத்துல வந்தாங்க. அவரு தடுக்கல, அதுக்கும் தெம்பு இல்ல. கையும் காலும் பிடிச்சுத் தூக்கினாங்க. தொம். தொம். தொம்.

இறக்கி விட்டதும் எல்லை எங்கன்னு கேக்கறது முறை. வால்பர்கா கேட்டா.

டிட்மார் பின்பக்கத்தைத் தடவிக்கிட்டு, இந்த வழக்கமெல்லாம் சட்டம் ஆகாதும்மான்னாரு. கூட்டம் முணுமுணுன்னுச்சு. அவ கையைத் தூக்கினா, அடங்கிருச்சு.

"ஆகாதுதான். சட்டம் உங்களுது. கால் யாருதுங்கய்யா?"

அவ கீழ ஓடையைக் காட்டினா.

"ஓடைதான் எல்லைன்னா திரும்ப இறங்குங்க. என் வீட்டுக்கடியில நடந்து அந்தப் பக்கம் வாங்க. நானே கடப்பாறை எடுத்து பாதி வீட்டை இடிச்சுத் தர்றேன். நீங்க நடக்க மாட்டாத எல்லையில எங்களை ஏன் வாழச் சொல்றீங்க?"

அந்த வீட்டுலதான் அவ பொறந்தா, புருசனை அங்கிருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. நடந்து காட்டறேன்னு மட்டும் அவரு சொல்லியிருந்தா, அவ சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருப்பா. அப்படிப்பட்டவ.

டிட்மார் கீழ மில்லைப் பாத்தாரு. தன்னோட ஷூவைப் பாத்தாரு. அவருக்குக் கோவமும் வந்துச்சு, கூடவே சிரிப்பும் வந்துச்சு, ரெண்டுல எதை விடறதுன்னு தெரியாம மூக்கை உறிஞ்சினாரு. அப்புறம் கல்லு மேல கையை வச்சாரு.

"இங்கதான்."

பூம்ம்ம்னு கஸ்பரு ஊதின ஊதுல மரத்துக் காக்கா எல்லாம் பறந்துருச்சு.

அவரும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. ஊருக்குப் பின்னாடி வளைச்சு கோடு போட்டு, முழு ஊரும் தெக்கு மாவட்டம்னு எழுதினாரு. நேர்கோட்டுக்கு நடுவுல அது ஒரு தொப்பை மாதிரி இருக்கும். ஆனா எஷன்டால்ங்கற பேரு போச்சு கண்ணு, அதை யாராலயும் தடுக்க முடியல. பலகையைக் கழட்டிக்கிட்டு தெக்கு மாவட்டம்னு புதுசா ஒண்ணு மாட்டினாங்க. விடிஞ்சு பாத்தா அது மேல கரியால எஷன்டால்னு எழுதியிருக்கும். அழிச்சா திரும்ப எழுதியிருக்கும். யாரு எழுதறாங்கன்னு போலீஸு வந்து கேட்டா ஊரே கையைத் தூக்குச்சு.

அப்புறம் வருஷம் ஓடுச்சு. வால்பர்கா கிழவி ஆயிட்டா, முதுகு வளைஞ்சிருச்சு. தெக்கு மாவட்டத்தையும் இன்னொண்ணோட சேக்கணும்னு சர்க்கார் மறுபடி உத்தரவு போட்டுச்சு. ஒருநாள் டர்ர்ர்னு காரு. இளம் அதிகாரி ஒருத்தன், கக்கத்துல சுருட்டின வரைபடம். அம்மா, ஓடையை எல்லையா வச்சா வசதியா இருக்கும்னு ஒரு யோசனைன்னு ஆரம்பிச்சான்.

அவ அவனை மேலருந்து கீழ வரைக்கும் பாத்தா.

"ஷூவைக் கழட்டிக்க தம்பி. போன தடவை வந்தவரு நல்ல ஷூவைப் பாழாக்கிட்டாரு."

அவ்வளவுதான். அவங்க கரையேறியாச்சு, கதையும் கரையேறியாச்சு. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.