கொக்கியின் மணிக்கட்டு

குழந்தைவேலு வாத்தியார் தன் குருவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. மீதி ஆள் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

குரு என்றால் தாடி வைத்தவரல்ல. திருச்செங்கோட்டில் லாரிக்கு இரும்புச் சட்டம் கட்டுகிற பட்டறையில் வெல்டிங் மேஸ்திரி. பெயர் அர்த்தநாரி. சீடரைவிடப் பதினாறு வயது இளையவர்.

வாத்தியார் தும்பைக்காடு என்ற மலையூரில் இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. பாறையும் ஓடையுமாக ஒன்பது கிலோமீட்டர் ஜீப் தடம். கேழ்வரகை அரைக்கப் பெண்கள் தலைச்சுமையோடு இறங்கி, மாவோடு திரும்ப ஏற வேண்டும். ஊரார் சேர்ந்து மாவு மில் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். அதை மேலே கொண்டுபோகத்தான் வழியில்லை. ஜீப்புக்குள் அது நுழையாது, லாரி அந்தத் தடத்தில் ஏறாது.

"ஜீப்புக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லரை நானே கட்டித் தர்றேன்" என்று வாத்தியார் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வெல்டிங் கற்றுக்கொள்ளப் பட்டறைக்கு வந்தார்.

நாலு மாதத்தில் சட்டம் தயார். படம் போட்டது, அறுத்தது, பற்றவைத்தது எல்லாம் அவர் கைதான். ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்க்கும் கொக்கியில் ஒரு முடி நுழைய இடமில்லை.

"பாருங்க மேஸ்திரி, துளி ஆட்டம் இல்லை."

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். "கோயில் தேருக்குக்கூட இத்தனை இறுக்கமா யாரும் அடிச்சதில்லீங்க வாத்தியாரே."

"அப்ப மலை ஏத்திரலாமா?"

"மொதல்ல மண்ணு மூட்டையை ஏத்திக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வாங்க."

ஏரிக்கரையின் இரண்டாவது பள்ளத்தில் ஜீப் இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் டிரெய்லர் வலப்பக்கச் சக்கரத்தைக் குழியில் விட்டது. படீரென்று ஒரு சத்தம். கொக்கி, தான் நின்ற இரும்பையும் முறுக்கிப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

பிய்ந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் பட்டறைக்குத் திரும்பினார்.

"இரும்பு கனம் பத்தலை மேஸ்திரி. இதைவிடத் தடிப்பாப் போட்டுடறேன்."

மேஸ்திரி அந்தத் துண்டை வாங்கிக் கீழே போட்டார். சுவரோரம் கிடந்த ஏணியைப் படுக்கைவாட்டில் தூக்கச் சொன்னார். பின்பக்கம் வாத்தியார். அவருடைய இரண்டு கைகளையும் பழைய சைக்கிள் டியூபால் ஏணிக் கால்களோடு இறுக்கிக் கட்டினார். முன்பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார்.

"மணிக்கட்டு அசையக் கூடாதுங்க. வாங்க போலாம்."

பட்டறைக்குப் பின்னால் கல்லும் குழியுமான இடம். பத்தடி போவதற்குள் மேஸ்திரி வேண்டுமென்றே இடது காலைக் குழியில் இறக்கினார். ஏணி புரண்டது. அதோடு வாத்தியாரின் கைகளும் புரண்டன. அவர் இரண்டு முட்டியும் தரையில் பட விழுந்தார்.

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "உங்க ஆளுங்க பள்ளிக்கூடத்துல எங்களை முட்டி போட வெச்ச பாவம் வாத்தியாரே!"

"கையில பலமில்லாம விழுந்தீங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்லை. நீங்க சாஞ்சீங்க. ஏணி என்னை விடலை."

"அப்ப விட்டுரலாமுங்களா?"

"விட்டா ஏணி போயிடுமே."

மேஸ்திரி டியூபை அவிழ்த்துவிட்டார். வாத்தியார் சிவந்துபோன மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் கழித்துப் புதுப் படம் கொண்டுவந்தார். கொக்கிக்குப் பின்னால் ஓர் உருண்டைத் தண்டு. அது ஒரு தடித்த குழாய்க்குள் நுழைந்து, மறுமுனையில் பெரிய நட்டோடு நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றும். படத்தில் அந்த இடத்துக்கு 'மணிக்கட்டு' என்று பெயர் எழுதியிருந்தார்.

மேஸ்திரி படத்தை ஒருமுறை பார்த்தார். தன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

அந்தக் கடைசிக் காலையில் இயந்திரத்தை ஏற்றிக் கட்டியாயிற்று. வாத்தியார் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மேஸ்திரி, நீங்களும் கூட வாங்களேன். பக்கத்துல உக்காந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

கிரீஸ் தடவும் சத்தம் நின்றது.

"நான் சாஞ்சா நீங்க சாயக்கூடாதுன்னுதானுங்களே இத்தனை பாடு?"

வாத்தியார் எழுந்து போய் ஜீப்பின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மேஸ்திரி அந்தப் பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, டிரெய்லரின் பின்பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் டிரெய்லர்தான் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

ஆறாவது கிலோமீட்டரில், ஓடையில், ஜீப் இடப்பக்கம் சாய்ந்தது. வாத்தியார் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். டிரெய்லர் வலப்பக்கம் சாய்ந்து, தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நடுவில் மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. தனியாக இருந்தும் வாத்தியார் சத்தமாகச் சிரித்தார்.

மேலே பெண்கள் காத்திருந்தார்கள்.

"வழியில இரும்பு எதுவும் உதிரலையே வாத்தியாரே?" என்றாள் பழனாயி.

"நீயே எண்ணிப் பாரு" என்றார் வாத்தியார்.

மலை ஏறிய பதினோராம் நாள், அர்த்தநாரி மாரடைப்பில் போய்விட்டார் என்று சேதி வந்தது. வாத்தியார் மலை இறங்கினார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், பட்டறையில் அந்த வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கான சட்டத்தைப் பற்றவைக்க ஆரம்பித்தார்.

அந்த மலையில் இப்போது மூன்று டிரெய்லர்கள் ஓடுகின்றன.