புழுங்கல் அரிசி ஏன் மங்கலாக இருக்கிறது?

நெல்லுக்கும் பூவுக்கும் உலக்கைக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், அரிசி தனியாக எங்கும் போனதில்லை. கூடவே தங்கச்சி தவிடு இருப்பாள். அக்கா இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு, பழுப்பாக, சொரசொரவென்று. உமியை மட்டும் நீக்கிவிட்டு இரண்டு பேரையும் சேர்த்தே உலையில் போடுவார்கள். அரிசிக்கும் அதில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கல்யாணத்துக்குப் போகும்வரை.

அட்சதைத் தட்டில் அவளுக்குப் பக்கத்தில் மல்லிகை உட்கார்ந்திருந்தது. சும்மா இருக்குமா?

"ஏன்டி அரிசி, குளிக்காமலே வந்துட்டியா? மஞ்சள் பூசியும் மறையலையே! யாரு இது, இடுப்பில் தொங்குறது? கோணிச்சாக்கா?"

தட்டோரம் இருந்த தேங்காய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. வெற்றிலைகூட வாயைப் பொத்திக்கொண்டது. தவிடு மட்டும் ஒன்றும் புரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தாள். அதுதான் அரிசிக்குத் தாங்கவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

தான் குடியிருந்த உழவன் கலியன் வீட்டுக்குத் திரும்பியதும் அரிசி நேராக உலக்கையிடம் போனாள்.

"உலக்கையண்ணே, இவளை என்னிடமிருந்து பிரிச்சு விடுங்க."

"குத்திடுவேன். அப்புறம் ஒட்டாதும்மா. நல்லா யோசிச்சியா?"

"அக்கா, நான் என்ன செஞ்சேன்?" என்றாள் தவிடு.

"நீ ஒண்ணும் செய்யலை. நீ கூட இருந்தா எனக்கு மானம் போகுது."

தவிடு அக்கா இடுப்பை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டாள். தும் தும் என்று உலக்கை இறங்கியது. கலியன் மனைவி காத்தாயி முறத்தில் புடைத்தாள். பறந்து விழுந்த தவிட்டைக் கோழிக்கு வாரிப் போட்டாள். முறத்தில் மீந்தது பளபளவென்று முத்து மாதிரி வெள்ளை அரிசி.

"யம்மாடி! சோறா இது, பூவா?" என்று காத்தாயி பூரித்துப்போனாள். அடுத்த கல்யாணத்தில் மல்லிகையே நகர்ந்து இடம் கொடுத்தது. அரிசிக்குத் தலைகால் புரியவில்லை.

நாற்று நடும் காலம் வந்தது. வேறு கறி காய் அதிகம் இல்லாத வீடு. மூன்று வேளையும் அந்த வெள்ளைச் சோறுதான்.

"காத்தாயி, காலில் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி" என்றான் கலியன் ஒருநாள்.

"சேத்திலேயே நின்னா அப்படித்தான் இருக்கும். போய் வேலையைப் பாருய்யா."

பிறகு கால் மரத்தது. சேறு குளிர்கிறதா சுடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அப்புறம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. கடைசியில் வயல் நடுவே சரிந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. காத்தாயி அழுதுகொண்டே இன்னொரு கவளம் வெள்ளைச் சோறு ஊட்டினாள்.

ஒவ்வொரு கவளத்திலும் அரிசி அவனுக்குள் போனாள். கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பசியை அடக்க மாவு இருந்தது. காலை நிறுத்தும் சத்து இல்லை. வெறுங்கையோடு விருந்துக்குப் போனவள் மாதிரி நின்றாள்.

வாசலில் சேவல் தெம்பாக நடைபோட்டது.

"கொக்கரக்கோ! என்ன வெள்ளையம்மா, பார்க்கிறீங்க? நீங்க விரட்டி விட்டதைத் தின்னுதான் இந்தக் கால் நிக்குது. உங்களைத் தின்னவர் படுத்திருக்கார்!"

மல்லிகை சிரித்தபோது வந்த வெட்கம் தோலோடு நின்றது. இது உள்ளே இறங்கியது. அரிசி குதிருக்குப் போனாள். அங்கே குத்தாத நெல்லுக்குள் அவளும் தங்கையும் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

"தவிடு, என்னை விட்டுப் போயிடாதே."

"மேலே ஒட்டியிருந்தா இன்னொரு மல்லிகை சிரிக்கும். நீ மறுபடியும் உலக்கையைக் கூப்பிடுவே."

மாட்டேன் என்று அரிசி சொன்னால் அது பொய்யாகிவிடும். தன்னை அவளுக்குத் தெரியும்.

"அப்படின்னா எனக்குள்ளே வந்துடு" என்றாள் மெல்ல.

"நீ கல்லு மாதிரி இருக்கே. எப்படி வர்றது?"

மூலையில் கிடந்த அண்டா தொண்டையைக் கனைத்தது. "உமியோட என்கிட்டே வாங்க. ஊறணும், வேகணும். சுடும், சொல்லிட்டேன்."

"சுடட்டும்" என்றாள் அரிசி.

காத்தாயி காதிலும் இந்தப் பேச்சு விழுந்தது. நெல்லை ஊறவைத்து, உமி வாய் பிளக்கும்வரை அவித்தாள். கொதிக்கிற ஆவியில் தவிட்டின் சத்து கரைந்து அக்காவின் நெஞ்சுக்குள் இறங்கியது. வெயிலில் காயவைத்துக் குத்தி, சோறாக்கிக் கலியனுக்குப் போட்டாள். நாளாக ஆக வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் அவன் வயலில் இறங்கி, "அடியே, சேறு குளிருதுடி!" என்று கத்தினான்.

ஆனால் அண்டாவிலிருந்து வந்த அரிசி பழைய வெள்ளையாக இல்லை. லேசாகப் பழுப்பேறியிருந்தாள். மல்லிகை பார்த்துவிட்டு, "என்னடி, மறுபடியும் அழுக்கா?" என்றது. அரிசி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த அண்டா கொதித்த நாள் முதல்தான் மணவறைக்குப் பச்சரிசியும், உழைக்கிற வயிற்றுக்குப் புழுங்கலும் என்று ஆனது. புழுங்கல் அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள், மங்கலாக இருக்கும். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அது போகாது. அது அழுக்கில்லை, தங்கச்சியை விரட்டின வெட்கம்.