மடியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாய்

கோரைக்குளத்தின் கரையில் ஒரு கரடியும் ஒரு குட்டி மந்தியும் இருந்தார்கள்.

மந்தியின் பெயர் வாலாயி. கைக்குழந்தையாக இருந்தபோதே புயலில் மரம் முறிந்து, தன் கூட்டத்தைத் தொலைத்தவள். கரடிதான் அவளை எடுத்து வளர்த்தாள். அதனால் அவளை "அம்மா" என்றுதான் வாலாயி கூப்பிடுவாள்.

தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கரடியம்மா மருதமரத்தில் சாய்ந்து உட்காருவாள். வாலாயி அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வாள். கரடியம்மா நீள நகத்தால் கோதிக் கோதிப் பேன் பார்ப்பாள். அந்த நேரத்துக்காகவே வாலாயி விடிந்ததிலிருந்து காத்திருப்பாள். பேன் இல்லாத நாளிலும், "இங்கே கடிக்கிறது, அங்கே கடிக்கிறது" என்று பொய் சொல்லுவாள்!

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாய் வந்தான்.

வந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. தள்ளாடித் தள்ளாடிக் குளக்கரையில் விழுந்தான். விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

"யாரப்பா நீ?" என்றாள் கரடியம்மா.

"செவலை என்று கூப்பிடுவார்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இருந்தேன். தின்றதையெல்லாம் கக்குகிறேன், வீடு நாறுகிறது என்று அடித்து விரட்டிவிட்டார்கள்."

கரடியம்மா குளத்தில் ஒரு கெண்டை மீனைப் பிடித்து அவன் முன்னால் போட்டாள். செவலை அவக் அவக்கென்று தின்றான். தின்ற வேகத்திலேயே அது வெளியே வந்துவிட்டது. இன்னொரு மீன் போட்டாள். அதுவும் வந்துவிட்டது. பசிக் கிறக்கத்தில் செவலை அவள் வயிற்றின் மேல் சாய்ந்தான்.

கரடியம்மா யோசித்தாள். அவனை அப்படியே நிமிர்த்தி மடியில் உட்காரவைத்தாள். மீனைக் கூழாக நசுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். இந்தத் தடவை ஒரு வாய்கூட வெளியே வரவில்லை!

"இப்போது புரிந்தது! உன் தொண்டைக்குழாய் தொளதொளவென்று கிடக்கிறது. குனிந்து தின்றால் சாப்பாடு நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் வயிற்றுக்கு இறங்கும்."

"இது சரியாகிவிடுமா, அம்மா?"

"சரியாகாது. ஆனால் சமாளிக்கலாம். நீ இங்கேயே இரு."

'அம்மா' என்று அவன் சொன்னதும், மரத்தின் மேல் இருந்த வாலாயிக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கரடியம்மா அத்திப்பழத்தையும் மீனையும் பாறைக்குழியில் போட்டு நசுக்குவாள். கொஞ்சம் தேன் விட்டுப் பிசைவாள். செவலையை மடியில் நிமிர்த்தி வைத்து ஊட்டுவாள். ஊட்டி முடித்த பிறகும் இறக்கிவிடமாட்டாள். மருதமரத்தின் நிழல் எதிரே இருக்கும் வெள்ளைப் பாறையைத் தாண்டும்வரை அவனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். அதற்குள் அவளுக்கே தூக்கம் வந்துவிடும். பேன் பார்ப்பது நின்றே போயிற்று.

வாலாயிக்கு வயிறு எரிந்தது.

அவனுக்கு ஊட்டும்போது எத்தனை அத்திப்பழம் போகிறது என்று கவனித்தாள். அவன் மூக்கில் ஈ உட்கார்ந்தால் அம்மா ஓட்டுவதைக் கவனித்தாள். யாரும் இல்லாதபோது அம்மாவின் மடியில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். நாய் வாசம் அடித்தது! மரத்தில் ஏறிக்கொண்டு, பழம் தின்று கொட்டையை அவன் தலையில் போட்டாள்.

செவலை அண்ணாந்து பார்த்து, "அக்கா, கொட்டை தவறி விழுந்துவிட்டது!" என்றான்.

"நான் உனக்கு அக்கா இல்லை!"

அந்த மரத்தில் ஓர் ஓணான் இருந்தார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஆட்டுவார். ஓணான்களின் பழக்கம் அது. ஆனால் பொறாமைப்படுகிறவர்களுக்குத் தலையாட்ட ஓர் ஆள் கிடைத்தால் போதாதா?

"பார்த்தீரா ஓணானாரே! நான் தரையில் தின்கிறேன். அவன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்து தின்கிறான். இது அநியாயம்தானே?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"எனக்கும் தொண்டையில் கோளாறு என்று சொன்னால் அம்மா நம்புவாள்தானே?"

அதற்கும் ஆட்டினார்.

மறுநாள் வாலாயி கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா! எனக்கும் விழுங்க முடியவில்லை!" என்று கத்தினாள்.

கரடியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, வா" என்று மடியில் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். கூழை ஊட்டினாள்.

ஆகா! எவ்வளவு நாளாயிற்று இந்த மடியில் உட்கார்ந்து! வாலாயிக்கு ஒரே குஷி.

கொஞ்ச நேரம்தான். முதலில் முதுகு அரித்தது. சொறியக் குனிந்தாள்.

"குனியாதே! சாப்பாடு ஏறிவிடும்!"

பிறகு ஓர் எறும்பு காலைக் கடித்தது.

"ஆடாதே! பேசாமல் உட்கார்!"

எதிர்மரத்தில் ஒரு மாம்பழம் பழுத்துத் தொங்கியது.

"அது உனக்கு ஆகாது. இனிமேல் கூழ்தான்!"

நிழல் வெள்ளைப் பாறையின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. "எனக்குச் சரியாகிவிட்டது!" என்று வாலாயி துள்ளிக் குதித்து ஓடிவிட்டாள்.

இத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை! தான் நடித்ததுபோலவே அவனும் நடிக்கிறான் என்று முடிவு கட்டினாள். "இவ்வளவு கஷ்டத்தையும் பொறுத்துக்கொண்டு மடியை விடமாட்டேன் என்கிறானே. எவ்வளவு கெட்டிக்காரன் பாரும்!" என்று ஓணானிடம் சொன்னாள்.

ஓணான் தலையை ஆட்டினார்.

ஒருநாள் தேன் தீர்ந்துபோயிற்று. கரடியம்மா மலைக்குக் கிளம்பினாள்.

"வாலாயி, கூழ் பிசைந்து வைத்திருக்கிறேன். நீ மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஊட்டு. நிழல் பாறையைத் தாண்டும்வரை விடாதே. செய்வாயா, கண்ணு?"

"செய்கிறேன் அம்மா."

கரடியம்மாவின் தலை மறைந்ததும் வாலாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"டேய் செவலை! உனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் பாசாங்கு!"

"இல்லை அக்கா, நிஜமாகவே இறங்காது."

"உன்னைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு வலி. தெரியுமா உனக்கு? மற்ற நாய்கள் மாதிரி தரையில் தின்றால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி!"

வலி என்றதும் செவலையின் காது தொங்கிப்போயிற்று. தான் ஒரு பாரம் என்று அவனுக்கு முன்பே ஒரு பயம் உண்டு. அதற்காகத்தானே ஒரு வீட்டில் விரட்டினார்கள்? இங்கேயும் விரட்டிவிட்டால்?

"சரி அக்கா. நான் முயற்சி செய்கிறேன். அம்மா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள், இல்லையா?"

வாலாயி கூழைத் தொடவில்லை. முழுசாக ஒரு கெண்டை மீனைத் தரையில் போட்டாள். செவலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

அடுத்த நொடியே "கர்க்... கர்க்..." என்று சத்தம் வந்தது. மீன் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. செவலை தரையில் சாய்ந்தான். கண்கள் செருகின. நாக்கு நீலமாயிற்று.

வாலாயி அசையாமல் நின்றாள். 'இவன் போய்விட்டால் மடி காலியாகிவிடும்' என்று ஒரே ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுமே தன்னைக் கண்டே பயந்து, மரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஓணானாரே! இவன் செத்துவிடுவானா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"ஐயோ! பிழைத்துக்கொள்வானா?"

அதற்கும் ஆட்டினார்.

அப்போதுதான் வாலாயிக்கு உறைத்தது. இத்தனை நாளும் இவர் எதற்குத்தான் ஆட்டவில்லை? இந்தத் தலையை நம்பியா இவ்வளவும் செய்தோம்?

அவள் பாய்ந்து போய்ச் செவலையின் வாயைப் பிளந்தாள். பல்லுக்கு நடுவே கையை விட்டாள். மூச்சுக்குத் தவித்தவன் கடித்துவிட்டான். ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. கரடியின் நகம் நுழைய முடியாத இடத்தில் மந்தியின் விரல் நுழைந்தது. மீனின் வால் தட்டுப்பட்டது. பிடித்து ஒரே இழுப்பு!

செவலை பெரிதாக மூச்சு இழுத்தான்.

"அ... அக்கா..."

"பேசாமல் உட்கார்! குனியாதே! ஆடாதே!"

உருவத்தில் அவன் அவளைவிடப் பெரியவன். மருதமரத்தின் வேரில் காலை ஊன்றி, முதுகை மரத்தில் முட்டுக்கொடுத்து, அவனை நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். தொண்டையில் மிச்சம் இருந்தது இறங்க வேண்டுமே! முதுகு அரித்தது. எறும்புகள் வரிசையாக வந்து கடித்தன. கை விண் விண்ணென்று தெறித்தது. எதிர்மரத்தில் மாம்பழம் தொப்பென்று விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிழல் வெள்ளைப் பாறையில் ஏறியது, நகர்ந்தது, தாண்டியது. அப்போதும் அவள் விடவில்லை.

கரடியம்மா தேனடையோடு வந்தாள். தேனீ கொட்டி அவள் மூக்கு வீங்கியிருந்தது.

தொடாத கூழைப் பார்த்தாள். தரையில் கிடந்த மீனைப் பார்த்தாள். வாலாயியின் கையைப் பார்த்தாள்.

"என்ன நடந்தது?"

"நானேதான் தரையில் தின்றேன் அம்மா. அக்காதான் என்னைக் காப்பாற்றினாள்" என்று செவலை முந்திக்கொண்டான்.

வாலாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பொய் அம்மா! நான்தான் தின்னச் சொன்னேன். உனக்கு வலி என்று சொல்லி ஏமாற்றினேன். உன் மடி அவனுக்கே போய்விட்டது என்று..."

கரடியம்மா ஒரு பச்சிலையைக் கசக்கி வாலாயியின் கையில் வைத்துக் கட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"இவன் செத்திருந்தால் உன்னை நான் எப்படிப் பார்ப்பேன் வாலாயி?"

வாலாயி தலையைத் தொங்கப்போட்டாள்.

"என் மடி அவனுக்கு மருந்தடி. மருந்தை யாராவது ஆசைப்பட்டுச் சாப்பிடுவார்களா? உனக்கு அது மருந்தில்லை, அம்மாவின் மடி. ஆனால் உனக்குப் பேன் பார்க்காமல் விட்டேன் பார், அது என் தப்புதான். நீயும் வாய் திறந்து கேட்டிருக்கலாமே!"

மறுநாள் மத்தியானம் குளக்கரைக்கு வந்தவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். மருதமரத்தில் கரடியம்மா சாய்ந்திருந்தாள். கரடியம்மாமேல் வாலாயி சாய்ந்திருந்தாள். வாலாயிமேல் செவலை நிமிர்ந்து சாய்ந்து, கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாலாயி ஊட்ட ஊட்ட, கரடியம்மா பின்னாலிருந்து அவளுக்குப் பேன் பார்த்தாள்.

"அக்கா, உனக்குப் பேன் கடிக்கிறதா?" என்றான் செவலை.

"வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசாதேடா, தம்பி!" என்றாள் வாலாயி.

மரத்தின் மேல் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தவருக்குக் கிடைக்கும் அதிகக் கவனிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு முன்னால், அவர் எந்த வலிக்காக அதைப் பெறுகிறார் என்று பார்க்க வேண்டும்.