ஒரு மூடி ஆயில் மருந்து

கரடிப்பாறைக் காட்டில் கோடை வந்தால் குளம் வற்றிவிடும். பள்ளத்துச் சுனையிலிருந்து ஒரு பழைய டீசல் இன்ஜின்தான் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். நாற்பத்து மூன்று விலங்குகளுக்கு அதுவே கதி.

இன்ஜினைப் பார்த்துக்கொண்டது முள்ளம்பன்றி. தினமும் காலையில் தன் முள் ஒன்றை ஆயிலுக்குள் விட்டு எடுத்து, எத்தனை கோடு நனைந்திருக்கிறது என்று எண்ணும். அந்த வாரம் நாளுக்கு ஒரு கோடு குறைந்தது. இன்ஜினும் 'டொக் டொக்' என்று தட்டியது. காரணம் பிடிபடவில்லை.

அப்போது புனுகுப்பூனை ஒரு புட்டியோடு வந்தது.

"ஆயில் மருந்து, அக்கா! ஒரு மூடி ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும்!"

"உள்ளே போய் என்ன செய்யும்?"

"அது தொழில் ரகசியம்!"

"எந்த இன்ஜினில் ஊற்றிப் பார்த்தாய்?"

"எல்லா இன்ஜினிலும்!"

"ஒன்றையாவது காட்டு."

புனுகுப்பூனை மீசையைத் துடைத்துக்கொண்டது.

"நீ சந்தேகப்பட்டே சாவாய்! ஊற்று!" என்று பக்கத்தில் நின்ற காட்டெருமை முள்ளம்பன்றியைப் பார்த்து உறுமியது. புனுகுப்பூனை ஒரு கூடை அத்திப்பழத்தை வாங்கிக்கொண்டு நழுவியது.

முள்ளம்பன்றி சரியாக ஒரு மூடி ஊற்றியது. சத்தம் பாதியாகக் குறைந்தது.

"குறைந்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்" என்று முனகிவிட்டுக் கிழங்கு தோண்டப் போனது.

"ஒரு மூடிக்கே இப்படியா!" என்று காட்டெருமை முழுப் புட்டியையும் கவிழ்த்தது. சத்தமே இல்லை! எல்லோரும் கூத்தாடினார்கள்.

திரும்பி வந்த முள்ளம்பன்றிக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை. முள்ளை விட்டு எடுத்தது. ஆயில் சொட்டவில்லை, பலாப்பால்போல நூல் இழுத்தது. சட்டென்று இன்ஜினை நிறுத்தியது.

"நன்றாக ஓடியதை ஏனடி நிறுத்தினாய்?" என்று காட்டெருமை சீறியது.

"ஆயில் பிசினாகிவிட்டது, அண்ணே! மேலே ஏறாது. இன்னும் அரை மணி ஓடினால் பிஸ்டன் இறுகிவிடும். அப்புறம் தண்ணீருக்கு எல்லோரும் முதலைத் துறைக்குத்தான் போக வேண்டும்!"

காட்டெருமை இரண்டடி பின்வாங்கியது. சென்ற கோடையில் அந்தத் துறைக்குப் போன அதன் கன்று திரும்பவில்லை.

ஆயிலை வடிக்க முள்ளம்பன்றி அடியில் புகுந்தது. வடிகால் போல்ட்டின் வாஷர் கிழிந்திருந்தது. கீழே மணல், ஒழுகிய ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. வாஷரை மாற்றிப் புது ஆயில் ஊற்றியதும் இன்ஜின் சீராக ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

"அப்படியானால் அந்த மருந்து ஏமாற்றா?" என்று காட்டெருமை மெல்லக் கேட்டது.

"ஒரு மூடி உதவத்தான் செய்தது. ஆனால் அது ஓட்டையை அடைக்கவில்லை, அண்ணே. 'ஓட்டை, ஓட்டை' என்று இன்ஜின் கத்தியதே, அந்த வாயைத்தான் அடைத்தது."

நோவின் காரணம் அறியாமல் அளவு மீறி ஊற்றும் மருந்து, நோவை விட்டுவிட்டு உயிரைத்தான் பிடிக்கும்.