பாவாத்தாள் வீட்டு மிஷின்கள்

வாய்க்கால் மேட்டில் இருந்த மடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மதுரம் அம்மா மடம் என்று சொன்னால் மினிபஸ் நிற்கும்.

மதுரத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரைத் தாயி என்பார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. மோட்சம் எங்கே இருக்கிறது என்று ஒரு பெரியவர் கேட்டபோது, ஈரப் போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, பிழியச் சொன்னார். பெரியவர் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

பாவாத்தாளும் அந்த மடத்துச் சீடர்களில் ஒருத்தி. ஐம்பதைத் தாண்டியவள். வருவாள், பூக்கட்டுவாள், பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். கேள்வி மட்டும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"தாயி, எங்கூட்டுல மிஷினுங்க தானா ஓடுதுங்க."

"என்ன மிஷினுங்கக்கா?"

"தையல் மிஷினுங்க."

எத்தனை இருக்கிறது என்று மதுரம் கேட்டார். பாவாத்தாள் விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. பிறகு வெட்கம் வந்து இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் சென்னியப்பனைக் கேட்டால் கணக்குச் சொல்ல மாட்டார், இடம் சொல்வார். கூடத்துல மிஷினு, அடுப்படியில மிஷினு, சாமி ரூம்புல மிஷினு. என்ர கட்டில் கெடந்த எடத்துல ஒரு கால் மிஷினு, அதும் மேல ஒரு கை மிஷினு. மழை வந்தா மிஷினுக்குப் போர்வை, எனக்குச் சாக்கு. அவர் இப்போது எருமைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். எருமை தானாக ஓடுவதில்லை, அதனால் நல்ல தூக்கம் வருகிறது என்பார்.

சுற்று வட்டாரத்தில் தையல் தெரிந்த ஒரு பெண் இறந்துபோனால், கருமாதி முடிந்த கையோடு பாவாத்தாள் அந்த வீட்டு வாசலில் நிற்பாள். மிஷினை எடைக்குப் போடப் போறீங்களா, எனக்குக் குடுத்துருங்க என்பாள். கொடுத்துவிடுவார்கள். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வருவாள். விற்க மாட்டாள். தைக்கவும் மாட்டாள். எண்ணெய் விட்டு, பழைய சேலையால் மூடி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள். ஊசிக்குக் கீழே அந்தப் பெண் விட்டுப்போன துணி எதுவாக இருந்தாலும், பாதி தைத்த தலையணை உறையோ, பாவாடைக் கரையோ, அதை அப்படியே விட்டுவிடுவாள்.

அந்த மிஷின்கள்தான் ஓடின. பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் அடுப்படியில் இருப்பது ஆரம்பிக்கும். தடக். தடக். பிறகு கூடம். பிறகு சாமி அறை. பெடல் ஏறி இறங்கும், சக்கரம் சுற்றும், நூல் இல்லாத ஊசி துணியைக் குத்திக் குத்திப் போகும். காலையில் பார்த்தால் தலையணை உறை முழுவதும் பொடிப் பொடி ஓட்டையாக இருக்கும். இன்னொன்றும் நடந்தது. சுவரைப் பார்த்துப் போட்ட மிஷின்கள் விடியும்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

தெருவில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவாத்தா கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம், செத்தவங்களுக்கு மட்டும்தான் வேலையாம், நீ எப்பப் போற என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் சம்பந்தியம்மாள் அப்படி விடவில்லை.

பாவாத்தாளின் மகள் கோகிலாவுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்புக் கட்டுச்சோறு விருந்து முடிந்து, கோகிலாவைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்க்கத்தான் சம்பந்தியம்மாள் வந்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்ததில் பொழுது இறங்கி, மிஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவள் கையில் இருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே போய்த்தான் போட்டுக்கொண்டாள். அங்கிருந்தபடியே, கோபமே இல்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நல்ல காரியம் பேச வந்தமுங்க சம்பந்தி. செத்தவங்க தெச்சுக்கிட்டு இருக்கற ஊட்டுல பச்சப் புள்ளைய எங்கீங்க போடறது. மிஷினுங்க போகட்டும், புள்ளைய அனுப்பறோம். இல்லாட்டி எங்கூட்டுலயே பெத்துக்குவா.

கோகிலா தினமும் போனில் அழுதாள். அந்த மிஷினைத் தூக்கிக் குடுத்துரும்மா, எனக்கு உங்கூட இருக்கணும் என்றாள். பார்க்கலாம் அம்முணி என்று பாவாத்தாள் சொன்னாள். மறுநாளும் பார்க்கலாம் என்றாள். இப்போது கோகிலா போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு மதுரம், "ஓடாம நிறுத்தணுமாக்கா?" என்றார்.

"இல்லீங்க தாயி." பாவாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "அதுல எது எங்கம்மாவோடதுன்னு சொல்லோணுமுங்க. அதை ஒண்ணை வெச்சுக்கறேன். மத்ததை எல்லாம் ஏத்தி உட்டுடறேன்."

கோகிலா வயிற்றில் இருந்தபோதுதான் பாவாத்தாளின் அம்மா இறந்துபோனாள். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று இங்கேயே இருத்திவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் மிஷின் நின்ற இடத்தில் நெல் மூட்டை இருந்தது. பெரிய அண்ணன், எடைக்குப் போட்டாச்சு என்றான். சின்ன அண்ணன், இல்லை, யாரோ ஒரு வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள் என்றான். பாவாத்தாள் சின்ன அண்ணன் பேச்சை நம்பினாள். கறுப்பு மிஷின், தங்கப் பூ அழிந்த மிஷின். எல்லா மிஷினும் அப்படித்தான் இருந்தது.

"எப்படி அடையாளம் தெரியும்?"

"பள்ளிக்கூடம் உட்டு வந்து வாசப் படல்ல நின்னு அம்மான்னு கூப்புடுவனுங்க. மிஷினு நின்னுரும். பாதித் தையல்ல நின்னுரும். வேற ஆரு கூப்புட்டாலும் நிக்காது. எங்கப்பன் தொண்டை கிழியக் கூப்புட்டாலும் நிக்காது. எனக்கு மட்டுந்தான் நிக்குமுங்க."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பயமா இருக்குதுங்க."

"ஓடறதுக்கா?"

"ஒண்ணுமே நிக்காமப் போயிட்டா?"

மதுரம் கட்டிக்கொண்டிருந்த பூவைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்தார்.

அவர்கள் வீடு வந்தபோது வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. சென்னியப்பன் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உக்காரச் சொல்லணும், நாற்காலி மேலயும் மிஷினு இருக்குது, எருமையை வேணும்னா தள்ளிக் கட்டட்டுங்களா தாயி என்றார். மதுரம் சிரித்தார். அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய் ஏதோ சொன்னார். சென்னியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார். எங்கே என்று பாவாத்தாள் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு மிஷினின் சேலையாக விலக்கி, தூசி தட்டிக்கொண்டிருந்தாள். இது கொடுமுடிக்காரம்மாவுது. இது நாலு பொட்டப்புள்ளைங்களைத் தெச்சே கட்டிக்குடுத்தவங்களுது. இதும் மேல படுத்தே செத்துப்போனாங்களாம், ஊசியில மூக்குத்தி மாட்டி இருந்துச்சு. அவள் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்துவைப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இதுல உங்களுது எதுங்கக்கா?"

பாவாத்தாள் நின்றாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த ஒன்றைக் காட்டினாள். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. அதன்மேல் மட்டும் சேலை இல்லை. ஒரு கூடை வெங்காயம் இருந்தது.

"அதுல உக்காருங்கக்கா. நான் நின்னுக்கறேன்."

வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டு பாவாத்தாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் வைக்க வேறு இடம் இல்லை. பெடலின்மேல் வைத்துக்கொண்டாள்.

மதுரமே விளக்கேற்றினார்.

தடக்.

அடுப்படியில்தான். பிறகு யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்ந்து பாடத் தொடங்கியதுபோல, கூடத்தில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, சாமி அறையில் இரண்டு. சேலைகள் லேசாக ஆடின. எண்ணெய் வாசனை எழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஓடியது. ஒன்று அவசரக்காரி. ஒன்று முழங்கால் வலிக்காரி, நாலு தையலுக்கு ஒரு தரம் இளைப்பாறியது. ஒன்றுக்கு யாரிடமோ கோபம். மதுரம் அவற்றுக்கு நடுவே நடந்தார். ஒரு சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது கைக்குள்ளேயே சுற்றியது.

"சூடா இருக்குது," என்றார்.

பாவாத்தாள் அதைக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதை மட்டும் முன்னால் நீட்டியிருந்தாள். அவள் கால்கள் எப்போது அந்தத் தாளத்தோடு சேர்ந்தன என்று தெரியவில்லை. இப்போது அந்த வீட்டில் ஓடாத மிஷின் என்று ஒன்றும் இல்லை.

"கூப்பிடுங்கக்கா."

பாவாத்தாள் கால் நின்றது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"அம்மா."

வந்தது அவள் குரல் இல்லை. பள்ளிக்கூடப் பையோடு படலில் நிற்கிற ஒரு சின்னப்பிள்ளையின் குரல்.

எல்லா மிஷின்களும் நின்றன.

ஏறிய ஊசி ஏறியபடி, இறங்கிய ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது. சேலைகள் ஆடி அடங்கின. யாரோ பலபேர் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஓர் அமைதி.

"எதுங்க தாயி?" என்றாள். "எல்லாமே நின்னுருச்சுங்களே. இதுல எது?"

மதுரம் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தன் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல, அடுப்படியில் இருந்தது மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு ஜன்னலோரம். பிறகு எல்லாம்.

பாவாத்தாள் தனக்குத்தானே பேசத் தொடங்கினாள். இப்படி இருக்காதே. எங்கம்மா எனக்கு மட்டுந்தான நிப்பா. இதுங்க ஆரு புள்ள கூப்புட்டாலும் நிக்கற ரகமாட்டம் இருக்குதே. அப்ப வேற ஆருக்கும் நிக்காத ஒண்ணு இருக்கோணும். எனக்கு நின்னு, மத்தவங்களுக்கு நிக்காத ஒண்ணு. அதைத்தான் கண்டுபுடிக்கோணும். பேசப் பேச அவள் கண்கள் ஒவ்வொரு மிஷினாகத் தாவின. வெள்ளகோவில்ல ஒரு ஊட்டுல இருக்குதாம் தாயி, அதையும் ஒருக்காப் பாத்துட்டு வந்துடறேன், இதுல இல்லைன்னா அதுலதான் இருக்கும் என்றாள். கால் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சென்னியப்பன் குரல், பாத்து எறங்கு அம்முணி என்றது. வளையல் சத்தம் கேட்டது. கோகிலா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அம்மா," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

மிஷின்கள் நின்றன.

ஒன்றைத் தவிர.

தடக், தடக் என்று அது மட்டும் போய்க்கொண்டிருந்தது. அத்தனை மிஷின்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அது ஒன்று மட்டும் யாரையும் கவனிக்காமல், சீராக.

பாவாத்தாளின் முகம் விரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தாயி, கேக்குதுங்களா. ஒண்ணு நிக்கல. எம்புள்ள கூப்புட்டு நிக்கல. எனக்கு நின்னுச்சு, அவளுக்கு நிக்கல. அதுதானுங்க. அதுதானுங்க எங்கம்மா."

கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அடுப்படியில் சக்கரம் அசையவில்லை. ஜன்னலோரம் அசையவில்லை. சாமி அறையில் விளக்குச் சுடர்கூட அசையவில்லை. சத்தம் மட்டும் பக்கத்திலேயே இருந்தது.

வாசலில் கோகிலா மறுபடியும் கூப்பிட்டாள்.

அது நிற்கவில்லை.

"எதுங்க தாயி அது? எந்த மிஷினுங்க ஓடுது? சொல்லுங்க தாயி."

"கீழ குனிஞ்சு உங்க காலைப் பாருங்கக்கா," என்றார் மதுரம்.