தணிகாசலம் நேரம்

அந்த நூற்பாலையின் சுவர்க் கடிகாரம் எப்போதும் பின்தங்கியே ஓடும். மேலாளர் தணிகாசலம்தான் அதைத் திருகிவைப்பார். வேலை நேரம் முடிந்தது தெரியாமல் பெண்கள் இயந்திரத்தோடு நிற்பார்கள். அப்படி நின்ற பேச்சி, அசதியில் கண் சொருகி, இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போனாள்.

விசாரணை வரப்போகிறது என்றதும் முதலாளி பயந்துபோனார். நெட்வொர்க்கிலிருந்து தானாகவே சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும் டிஜிட்டல் கடிகாரத்தை மாட்டச் சொன்னார். மாட்ட வந்தவள் காணிக்கைமேரி.

தணிகாசலம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"கடிகாரம் புதுசா இருக்கட்டும். நேரம் மட்டும் பழையபடி பின்னாலதான் ஓடணும். முடியாதுன்னா இந்த ஊர்ல உனக்கு எங்கயும் வேலை கிடைக்காது."

மேரி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல நேரத்தைப் பின்னால தள்ளிவச்சு, கடிகாரத்தை அதுலேருந்து நேரம் எடுக்க வச்சிடலாம் சார். அந்த நேரத்துக்கு ஒரு பேர் குடுக்கணும். என்ன பேர் வைக்கட்டும்?"

"என் பேரையே வை. இங்க என் நேரம்தான் நேரம்."

"சரிங்க சார்."

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். அவர் முன்னால் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். சிவப்பு எண்கள் எரிந்தன. நேரம் எங்கிருந்து வருகிறது என்பது கீழே எழுத்தாக ஊர்ந்தது: "மேலாளர் தணிகாசலம் நேரம்."

ஆய்வாளர் தன் கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் இப்படி வைக்கச் சொன்னது?" என்று தணிகாசலம் கத்தினார்.

"நீங்கதான் சார்" என்றாள் மேரி.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, ஆய்வாளரிடம் பேச வந்தார்கள்.