தட்டுக்குக் கிடைத்த ஓய்வு

முன்னொரு காலத்தில் புன்னைவளம் என்ற நாட்டைக் கோளரிச்சேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ, அவர் சொன்னதுதான் அவருக்கு வேதம். அதிலும் அரண்மனைச் சோதிடர் வெண்காடர் வாயைத் திறந்தால் போதும், ராஜா தன் மூளையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்.

ராணி உமையரசிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மடியில் குழந்தை இல்லை. வெண்காடர் ஓர் ஓலை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் முழுப் பட்டினி. விடியுமுன் குளத்தில் முங்கி, ஈரப் புடவையோடு அரசமரத்தை நூற்றெட்டுச் சுற்று. பலிக்கவில்லை என்றதும், "பக்தி போதவில்லை. இன்னொரு நாள் கூட்டுவோம்" என்றார். இப்படிக் கூட்டிக் கூட்டி வாரத்தில் நாலு நாள் பட்டினி, மீதி நாளில் ஒரு வேளை உப்பில்லாக் கஞ்சி என்றாயிற்று. ராணியின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

"தைக்குள் நல்ல சேதி வராவிட்டால் ராணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் மைத்துனர் மகள் இருக்கிறாள், லட்சணமான பெண்" என்றார் வெண்காடர். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

இதைக் கேட்டு வயிறெரிந்தவள் மடைப்பள்ளித் தலைவி பவளாயி. அந்த அரண்மனை வழக்கப்படி, மாதவிலக்காகி ராணி தூரமாக இருக்கும் மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு தனி வெண்கலத் தட்டில் பின்கட்டுக்குப் போகும். அனுப்புவது பவளாயிதான். முன்பு மாதம் தவறாமல் போன தட்டு, இந்த வருஷம் இரண்டே தடவைதான் போயிருந்தது. பட்டினி கூடக்கூடத் தட்டுக்கு வேலை குறைந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வானத்து நட்சத்திரமெல்லாம் தெரிந்த மனுஷருக்கு இந்தத் தட்டு தெரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நேரே சபைக்குப் போய்க் கும்பிட்டாள்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். ஓமத்துக்கு ரெண்டு பேரும் ஜோடியா உக்கார்றீங்க. பிள்ளை வரத்துக்கு மட்டும் ராணியம்மா தனியாவா நோன்பு இருக்கணும்? பாதி நோன்புக்குப் பாதிப் பலன்தானே கிடைக்கும்?"

வெண்காடர் சிரித்தார். "அடுப்படியில் இருப்பவளுக்குச் சாஸ்திரம் எதற்கு?"

"அதானே! நம்ம மகாராஜாவால வர்ற நவராத்திரி ஒன்பது நாள் தாங்க முடியுமா? நான் ஒருத்தி, வாய் தவறிக் கேட்டுட்டேன்" என்று பவளாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்து முடியாது என்கிறாய்? நவராத்திரி ஒன்பது நாளும் அந்த ஓலைப்படி நானே இருக்கிறேன்!"

"அப்போ முறை சொல்லித்தரச் சோதிடரய்யாவும் கூட இருந்தா நல்லது."

"இருப்பார்!" என்றார் ராஜா.

முதல் நாள் ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றினார். மூன்றாம் நாள் சாமரம் வீசியவளை, "ஏன் சத்தமாக வீசுகிறாய்?" என்று திட்டினார். ஐந்தாம் நாள் பக்கத்து நாட்டுத் தூதர் பேசிக்கொண்டிருக்கும்போதே சிங்காசனத்தில் சாய்ந்து தூங்கி, "இன்னும் ரெண்டு வடை" என்று உளறினார். ஆனால் வெண்காடர் மட்டும் தளதளவென்று இருந்தார்.

ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. முப்பாட்டனார் வாளை ராஜா தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஊரே திரண்டு நின்றது. ராஜா வாளைப் பிடித்தார். முக்கினார். வாள் முழங்கால் வரைதான் வந்தது. ஆள் அப்படியே சாய்ந்தார். தாங்கிப் பிடிக்க வெண்காடர் பதறிக் குனிய, அவர் தலைப்பாகையிலிருந்து பொத்தென்று மூன்று அதிரசங்கள் விழுந்தன.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பவளாயி சிரிக்கவில்லை.

"மகாராஜா, ஒன்பது நாள் பட்டினியில ஒரு வாளை உங்களால தூக்க முடியலை. இத்தனை வருஷப் பட்டினியோட ஒரு உசிரைப் பத்து மாசம் சுமக்கச் சொல்றீங்களே, நியாயமா? அவங்க உடம்பே உசிரைப் பிடிச்சு வச்சிருக்கப் போராடுது. இன்னொண்ணுக்கு எங்கே போகும்?"

ராஜா திரும்பி ராணியைப் பார்த்தார். இத்தனை நாள் பார்க்காததை அன்றைக்குத்தான் பார்த்தார். அந்த வளையல், குழி விழுந்த கன்னம். அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஓலையை அங்கேயே கிழித்துப் போட்டார்.

"பவளாயி, நீ சமைத்துப் போட்டால் பிள்ளை பிறக்குமா?"

"அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நேரத்துக்குச் சோறு, கீரை, பருப்பு, நல்ல தூக்கம், சாயங்காலம் உங்களோட நந்தவனத்துல ஒரு நடை. தாய்வீட்டுப் பேச்சை மட்டும் மறந்துடணும். பயந்துக்கிட்டே தின்னா எதுவும் உடம்புல ஒட்டாது. பிள்ளை வந்தாலும் வராட்டியும் ராணியம்மா நிமிர்ந்து நடப்பாங்க."

"அப்படியே ஆகட்டும்! வெண்காடரை என்ன செய்யலாம்? ஒரு மண்டலம் பட்டினி போடட்டுமா?"

"ஐயோ பாவம், வேண்டாம். உளுத்தங்களி கிண்ட எனக்கு ஆள் தேவைப்படுது."

அன்று முதல் வெண்காடர் நல்லெண்ணெய் விட்டுக் கருப்பட்டிக் களி கிண்டினார். கை ஓய்ந்தால் பவளாயி, "பக்தி போதலை, இன்னும் கிண்டுங்க" என்பாள். ராணியின் கன்னம் தேறியது. சிரிப்பு வந்தது. வெண்கலத் தட்டு மறுபடியும் மாதம் தவறாமல் போக ஆரம்பித்தது. பட்டினியால் தட்டு நின்றுபோன கதையைப் பவளாயி சொல்ல, ராஜாவும் மாதாமாதம் அதை விசாரிக்கத் தொடங்கினார்.

பங்குனியில் ஒரு நாள் ராஜா மூச்சிரைக்க மடைப்பள்ளிக்கு ஓடி வந்தார். "பவளாயி! இந்த மாதம் தட்டு போகவில்லையாமே! மறுபடி யார் அவளைப் பட்டினி போட்டது?" என்று வெண்காடரை முறைத்தார்.

வெண்காடர் களி கிண்டும் துடுப்பை இரண்டு கையாலும் தூக்கினார். "சத்தியமாக நான் இல்லை, மகாராஜா!"

பவளாயி தட்டைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, துடைத்து, பரணில் கவிழ்த்து வைத்தாள்.

"ராணியம்மா காலையிலேருந்து சோத்து வாசனைக்கே மூக்கைப் பொத்துறாங்க. புளியங்காய் மட்டும் கேக்குறாங்க. இந்தத் தட்டுக்குப் பத்து மாசம் ஓய்வு, மகாராஜா."